பாட்டை நினைக்கும் பாட்டு: பழைய இசைக்காக ஏங்கும் ஒரு பாப் பாடலைக் கேட்பது எப்படி?

1973 மே மாதம் அமெரிக்காவில் ஒரு புதிய பாப் பாடல் இசைத்தட்டாக வெளிவந்தது. ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ என்பது அதன் பெயர். ‘மறுபடியும் நேற்று’ என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். பாடியவர்கள் கார்ப்பென்டர்ஸ் என்ற பெயரில் அப்போது பெரும்புகழ் பெற்றிருந்த அண்ணனும் தங்கையும், அதாவது ரிச்சர்ட் கார்ப்பென்டரும் கேரன் கார்ப்பென்டரும். ரிச்சர்டும், அவருடைய கல்லூரிக்கால நண்பரும் பாடலாசிரியருமான ஜான் பெட்டிஸும் சேர்ந்து அதை எழுதியிருந்தார்கள். பாட்டுகளின் வெற்றியை வரிசைப்படுத்தும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலிலும் பிரிட்டனின் பட்டியலிலும் அது இரண்டாம் இடம்வரை ஏறியது. அன்றைக்குப் புத்தம் புதிதாக இருந்த அந்தப் பாட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பழைய பாட்டுகளைப் பற்றி மட்டுமே பேசியது.

இப்படிப்பட்ட பாடல்கள் பாப் இசையில் தனி ஒரு வகையாகவே வளர்ந்திருக்கின்றன. காதலையோ ஊரையோ நண்பர்களையோ நினைத்து ஏங்குவதற்குப் பதிலாக, ஒரு காலத்தில் கேட்ட இசையையே நினைத்து ஏங்கும் பாடல்கள் இவை. பாப் இசையை ஆர்வத்தோடு கேட்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு இந்த வகையைப் புரிந்துகொள்வது நல்ல தொடக்கமாக அமையும். ஏனென்றால், ஒரு பாட்டு நம் மனத்தில் எப்படித் தங்குகிறது, தங்கியது எப்படித் திரும்பி வருகிறது என்ற இரண்டு கேள்விகளையும் இந்தப் பாடல்கள் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. பல பாடல்களை மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதைவிட ஒரே பாட்டை நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும் என்பதால், இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ பாட்டைச் சுற்றியே நிற்கும்.

முதலில், குழப்பத்துக்கு இடமான ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பழைய பாட்டை இன்றைய பாடகர் ஒருவர் மீண்டும் பாடினால் அது மறுபதிவு. பழைய பாணியில், பழைய வாத்தியங்களின் ஒலியோடு புதிய பாட்டொன்றை உருவாக்கினால் அது பழைய பாணிப் பாட்டு. அதன் வரிகள் எதைப் பற்றியும் இருக்கலாம். நாம் பேசும் வகை இந்த இரண்டிலும் சேராது. பாடுபவர் இன்றைக்கு நின்றுகொண்டு, அன்றைக்குக் கேட்ட இசையைத் திரும்பிப் பார்க்கிறார். அந்தத் திரும்பிப் பார்த்தல்தான் பாட்டின் கரு. ஒலி பழையதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கூட இல்லை. ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ பெரும்பாலும் 1973ஆம் ஆண்டின் மென்மையான பாப் பாட்டாகவேதான் ஒலிக்கிறது. பழைய ஒலி எந்த இடத்தில் மட்டும் உள்ளே நுழைகிறது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

ஏக்கம் ஒரு நோயாக இருந்த காலம்

பழையதை நினைத்து இனிமையும் வலியும் கலந்து எழும் உணர்வை ‘நாஸ்டால்ஜியா’ என்கிறார்கள். இந்தச் சொல் பிறந்தது மருத்துவத்தில். 1688ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் இதை உருவாக்கினார். வீடு திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் வலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து, சொந்த மண்ணை விட்டுப் பிரிந்தவர்களை வாட்டிய வீட்டு ஏக்கத்துக்கு அவர் இந்தப் பெயரைச் சூட்டினார். அப்போது அது உடலையே உருக்கும் நோயாகக் கருதப்பட்டது.

இந்த வரலாற்றில் இசை மிக விரைவிலேயே வந்து சேர்ந்துகொள்கிறது. ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் பாடும் ஒரு மெட்டைப் பற்றி, 1768இல் வெளியான தம் இசை அகராதியில் தத்துவஞானி ரூசோ எழுதியிருக்கிறார். அயல்நாட்டுப் படைகளில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்கள் அந்த மெட்டைக் கேட்டால் அழுவார்கள், படையை விட்டு ஓடுவார்கள், ஏங்கியே இறந்தும் போவார்கள் என்பதால் அவர்களிடையே அதை இசைக்கக் கூடாதென்று கடுமையான தடை இருந்ததாக அவர் குறிப்பிடுகிறார். அதற்கு அவர் தரும் விளக்கம்தான் நமக்கு முக்கியம். அந்த மெட்டு அந்நியர் காதில் எந்த விளைவையும் உண்டாக்குவதில்லை. ஆகவே அங்கே இசை இசையாகச் செயல்படவில்லை, நினைவைக் கிளறும் ஓர் அடையாளமாகச் செயல்படுகிறது என்கிறார் ரூசோ. இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த ஒரு கருத்தைவிடச் சுருக்கமாக, நம் தலைப்புக்கான விளக்கம் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

காலப்போக்கில் அந்தச் சொல்லின் பொருள் நகர்ந்தது. வீட்டுக்கான ஏக்கம், கழிந்துபோன காலத்துக்கான ஏக்கமாக மாறியது. வீட்டுக்குத் திரும்பிவிட முடியும். 13 வயதுக்குத் திரும்ப முடியாது. அப்படித் திரும்ப முடியாத ஓரிடத்துக்கு நான்கு நிமிடமாவது அழைத்துச் செல்வதாகப் பாப் பாட்டு வாக்களிக்கிறது.

ஒரு பாட்டு ஒரு பருவத்தோடு ஒட்டிக்கொள்வது ஏன்?

வாழ்நாள் முழுவதும் எத்தனையோ பாட்டுகளைக் கேட்கிறோம். ஆனால் முதுமையில் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்யும் ஆய்வுகளில், பதின்பருவத்தையும் இருபதுகளையும் சேர்ந்த நினைவுகளே மற்றக் காலத்து நினைவுகளைவிட அதிகமாக மேலெழுந்து வருவதை உளவியலாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். வரைபடத்தில் ஒரு மேடுபோல் தெரிவதால் இதை நினைவு மேடு எனலாம். இசையைப் பொறுத்தவரை இந்த மேடு பதின்பருவத்தில் இன்னும் கூர்மையாக எழுகிறது. அந்த வயதில்தான் நமக்கென்று ஒரு ரசனை உருவாகிறது, முதல் நட்புகளும் முதல் பிரிவுகளும் நேர்கின்றன, நாம் யார் என்ற கேள்விக்கு முதல் விடைகள் கிடைக்கின்றன. அப்போது பக்கத்தில் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டு அந்த விடைகளோடு சேர்ந்தே பதிந்துவிடுகிறது.

2009இல் கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜனாட்டா என்ற ஆய்வாளர், மாணவர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் சிறுவயதிலும் பதின்பருவத்திலும் இருந்தபோது பிரபலமாக இருந்த பாட்டுகளின் துணுக்குகளை ஒலிக்கவிட்டார். சொந்த வாழ்க்கை நினைவைக் கிளறிய துணுக்குகள் ஒலித்தபோது, நெற்றிக்குப் பின்னால் மூளையின் நடுப்பகுதியில் செயல்பாடு கூடியதை அவர் பதிவு செய்தார். நம்மைப் பற்றி நாமே எண்ணும்போது ஈடுபடும் பகுதி அது. பாட்டின் ஓட்டமும் ‘நான்’ என்ற உணர்வும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன.

வயது மட்டுமே காரணமில்லை. பாட்டு எப்படி நம்மை வந்தடைந்தது என்பதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 1950களில் அமெரிக்க வானொலி நிலையங்கள் ‘டாப் 40’ என்ற முறைக்கு மாறத் தொடங்கின. அதிகம் விற்பனையாகும் சில பாட்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, நாள் முழுவதும் மாற்றி மாற்றி ஒலிபரப்பும் முறை அது. 1954இல் சட்டைப்பைக்குள் வைக்கக்கூடிய முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்தது. அதன்பின் வரவேற்பறையில் பெற்றோர் நடுவே ஒலித்த இசை, பிள்ளைகளின் அறைக்கும் தலையணைக்கு அடியிலும் போய்ச் சேர்ந்தது. ஒரு பாட்டு சில வாரங்கள் ஓயாமல் ஒலிக்கும். பிறகு பட்டியலிலிருந்து இறங்கி ஏறத்தாழக் காணாமலே போய்விடும். இந்தக் காணாமல் போதலைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுவதும், ஆயுள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும் பாட்டில் எந்த ஒரு மாதமும் தனியாக ஒட்டிக்கொள்ளாது. எட்டு வாரம் ஒலித்துவிட்டு மறைந்த பாட்டு, அந்த எட்டு வாரத்தை அப்படியே தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பத்தாண்டு கழித்து எதிர்பாராமல் அது மீண்டும் ஒலிக்கும்போது, அந்த வாரங்களும் கூடவே திரும்பி வருகின்றன.

‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. பாடுபவர் தம் இளமையில் ரேடியோவின் முன் அமர்ந்து, பிடித்த பாட்டுக்காகக் காத்திருந்ததைச் சொல்கிறார். காத்திருந்தார் என்ற செய்தியைக் கவனிக்காமல் கடந்துவிடக் கூடாது. வேண்டிய பாட்டை வேண்டிய நொடியில் கேட்கும் வசதி அன்று ரேடியோவில் கிடையாது. அடுத்து எது வரும் என்று தெரியாது. 2011இல் மாண்ட்ரியல் நகரில் நடந்த ஓர் ஆய்வு, இசையின் உச்சக்கட்டத்தில் மட்டுமல்லாமல் அதை எதிர்பார்த்திருக்கும் நொடிகளிலேயே மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புடைய வேதிப்பொருள் சுரப்பதைக் காட்டியது. அது பாட்டுக்குள்ளேயே நிகழும் சில நொடி எதிர்பார்ப்பைப் பற்றிய ஆய்வு. ரேடியோவின் முன் உட்கார்ந்திருந்த சிறுமியின் எதிர்பார்ப்போ மணிக்கணக்கானது. பாட்டு வந்த நொடியில் அவள் முகத்தில் மலர்ந்த சிரிப்பின் கனத்தை உணர, அதற்கு முந்தைய காத்திருப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பாட்டைப் பிரித்துப் பார்ப்போம்

முதல் சரணம் மிக எளிமையாகத் தொடங்குகிறது. பியானோவின் மேல் கேரனின் குரல் தனியாக ஒலிக்கிறது. பெண் குரலில் தாழ்ந்த வகையைச் சேர்ந்த குரல் அது. காதருகே பேசுவதுபோல் மிக நெருக்கமாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. அவர் குரலை உயர்த்தி உருக்கம் காட்டுவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு போகிறார்: கேட்டேன், காத்திருந்தேன், கூடவே பாடினேன், சிரித்தேன். அந்தக் காலம் வெகுதொலைவில் இல்லை, கொஞ்ச நாள் முன்புதான் என்றும் சொல்கிறார். அந்தப் பாட்டுகள் எங்கே போயின என்று எண்ணியதாகவும், நெடுநாள் காணாத நண்பனைப்போல இப்போது திரும்பி வந்துவிட்டதாகவும் அடுத்து வருகிறது.

பல்லவி தொடங்கும் இடத்தில் ஒலி திடீரென்று விரிகிறது. ஒரே குரலாக இருந்தது பல குரல்களாகிறது. இந்தக் குரல்கள் அனைத்தும் கேரனுடையவையும் ரிச்சர்டுடையவையுமே. தங்கள் குரல்களையே மீண்டும் மீண்டும் பதிவு செய்து, அடுக்கடுக்காக ஒன்றன்மேல் ஒன்று சேர்ப்பது கார்ப்பென்டர்ஸின் தனி முறை. தனியாக உட்கார்ந்து ரேடியோ கேட்ட ஒருத்தியின் நினைவு, பல்லவிக்கு வரும்போது ஒரு கூட்டமே சேர்ந்து பாடுவதாக மாறிவிடுகிறது. இதற்கு வரிகளில் எந்த விளக்கமும் இல்லை. ஒலியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அந்தப் பல்லவியில் பாடப்படுவது எந்தப் பழைய பாட்டின் பெயரும் இல்லை, எந்தப் பாடகரின் பெயரும் இல்லை. ‘ஷா-லா-லா’, ‘வோ-வோ’ போன்ற பொருளற்ற அசைகளை மட்டும் எடுத்து, அவை இன்னும் ஒளி மங்காமல் இருக்கின்றன என்கிறது பாட்டு. இந்த அசைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா போன்ற நகரங்களின் தெருமுனைகளில், பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள், வாத்தியம் ஏதுமின்றிக் கூட்டாகப் பாடினார்கள். ஒருவர் வரிகளைப் பாட, மற்றவர்கள் பேஸ், டிரம்ஸ், ஊதுகருவிகள் செய்ய வேண்டிய வேலையை வாயாலேயே செய்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘டூ-வாப்’ பாணி. அந்தப் பெயரே அப்படியொரு அசையிலிருந்து வந்தது. பிறகு 1960களின் தொடக்கத்தில் புகழ்பெற்ற பெண்கள் குழுக்கள் இந்த அசைகளைத் தங்கள் பாட்டுகளின் முகப்பாகவே ஆக்கிக்கொண்டன. நம் நாட்டுப்புறப் பாட்டின் ‘தன்னானே’வுக்கு அகராதியில் பொருள் தேட முடியாததுபோல ‘ஷா-லா-லா’வுக்கும் தேட முடியாது, ஆனால் கேட்ட மாத்திரத்தில் அது எந்தக் காலத்தின் குரல் என்று அமெரிக்கக் காது அறிந்துகொள்ளும்.

இந்தத் தேர்வை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு குறிப்பிட்ட பாட்டின் பெயரைச் சொல்லியிருந்தால், அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவருக்கு மட்டுமே கதவு திறந்திருக்கும். அசைகளை மட்டும் சொன்னதால், ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய பாட்டை அந்த இடத்தில் வைத்துக்கொள்ள முடிகிறது. மேலும் ஒரு பழைய பாட்டை நினைவுகூரும்போது நமக்கு முதலில் வருவது பெரும்பாலும் வரிகளே இல்லை. வரிகள் மறந்துபோன பிறகும் ஒரு முனகல், ஒரு தாளத்தட்டு, ஒரு ‘லா-லா’ மிச்சமிருக்கும். நினைவு எந்த வடிவில் தங்குமோ அந்த வடிவிலேயே பல்லவி எழுதப்பட்டிருக்கிறது. நான் முன்னே சொன்ன பழைய ஒலி உள்ளே நுழைவதும் இந்த ஓரிடத்தில்தான்.

பாட்டில் கண்ணீர் வரும் இடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏக்கப் பாடல்களைப் பற்றிய பொதுவான தவறான புரிதல் இங்கேதான் பிறக்கிறது. முதல் பல்லவியில், பழைய பாட்டொன்றில் அவன் அவளுடைய மனத்தை உடைக்கும் கட்டம் வரும்போது, முன்பு அழுததுபோலவே இப்போதும் அழுகை வருகிறது என்கிறார் பாடுபவர். இது இழந்த காலத்துக்காக வடிக்கும் கண்ணீர் இல்லை. சிறுமியாக இருந்தபோது அதே பாட்டின் அதே இடத்தில் அழுதாரே, அதே அழுகை. கற்பனைப் பாத்திரம் ஒன்றுக்காக அன்று வந்த துயரம், ஒரு துளியும் மாறாமல் திரும்பி வந்திருக்கிறது. அழுகை அப்படியே இருப்பதால்தான் நேற்று திரும்பிவிட்டது என்று அவரால் சொல்ல முடிகிறது.

இரண்டாம் சரணத்தில் நிலைமை மாறுகிறது. கடந்த ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும்போது, அன்றைய மகிழ்ச்சி இன்றைய நாளைச் சற்றே சோகமாகக் காட்டுகிறது, எவ்வளவோ மாறிவிட்டது என்கிறார். அதற்குப் பிறகு வரும் பல்லவியில் மெட்டு அதேதான், ஆனால் அழுகைக்கான காரணம் வேறு. இப்போது பழைய பாட்டின் கதை அவரை அழவைக்கவில்லை. தெளிவாகத் திரும்பி வந்துவிட்ட சொந்த நினைவுகள் அழவைக்கின்றன. முதல் அழுகையில் காலமே கடக்கவில்லை. இரண்டாம் அழுகையில் கடந்த காலம் முழுவதும் இருக்கிறது. ஒரே மெட்டுக்குள் இந்த இரண்டையும் வைத்திருப்பதுதான் இந்தப் பாட்டின் நுட்பம் என்று நான் கருதுகிறேன். ‘அந்தக் காலத்துப் பாட்டுதான் பாட்டு, இன்றைக்கு வருவதெல்லாம் வெறும் சத்தம்’ என்ற புலம்பல் இதில் எங்குமே இல்லை என்பதையும் கவனியுங்கள். இன்றைய இசை மோசம் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. அந்த மெட்டுகள் ‘எனக்கு’ இன்னும் இனிமையாக ஒலிக்கின்றன என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார்.

இசைத்தட்டின் இரண்டாம் பக்கம்

தனிப்பாட்டாக மட்டும் இதைக் கேட்டவர்களுக்குப் பாதிதான் கிடைத்திருக்கிறது. 1973இல் வந்த ‘நவ் அண்ட் தென்’ என்ற நீள் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை இந்தப் பாட்டுதான் திறந்துவைக்கிறது. பாட்டின் இறுதியில் மோட்டார் எஞ்சின் ஒன்று உறுமுகிறது. உடனே பழைய பாட்டுகளின் கோவை தொடங்குகிறது. பீச் பாய்ஸ் குழுவின் ‘ஃபன், ஃபன், ஃபன்’, ஸ்கீட்டர் டேவிஸ் பாடிப் புகழ்பெற்ற ‘தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்’, கிறிஸ்டல்ஸ் குழுவின் ‘டா டூ ரான் ரான்’, ஷிஃபான்ஸ் குழுவின் ‘ஒன் ஃபைன் டே’ உள்ளிட்ட எட்டுப் பாட்டுகளைக் கார்ப்பென்டர்ஸ் தாங்களே பாடுகிறார்கள். பாட்டுகளுக்கு நடுவே ரேடியோ அறிவிப்பாளரின் துள்ளல் குரல் கேட்கிறது. அவர்களுடைய கிதார் கலைஞர் டோனி பெலூசோதான் அறிவிப்பாளராக நடித்திருக்கிறார். கோவை முடிந்ததும் ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ சுருக்கமாக மீண்டும் வந்து பக்கத்தை மூடுகிறது. ஆக, பழைய பாட்டுகள் திரும்பி வந்துவிட்டன என்று முதலில் சொல்லிவிட்டு, சொன்னதை அங்கேயே நடத்திக் காட்டுகிறது இந்தப் பக்கம். இசைத்தட்டுப் பக்கமே ஒரு ரேடியோவாக மாறிவிடுகிறது.

அந்த எட்டுப் பாட்டுகளும் 1962 முதல் 1964 வரையிலான காலத்தின் வெற்றிப் பாட்டுகள். கேரன் பிறந்தது 1950 மார்ச்சில், ரிச்சர்ட் பிறந்தது 1946 அக்டோபரில். அந்தப் பாட்டுகள் ரேடியோவில் ஒலித்தபோது கேரனுக்கு 12 முதல் 14 வயது, ரிச்சர்டுக்குப் பதினைந்திலிருந்து பதினெட்டுக்குள். உளவியலாளர்கள் சொல்லும் அந்த நினைவு மேட்டின் மேல் அண்ணனும் தங்கையும் நின்றிருந்த ஆண்டுகள் அவை. அது மட்டுமல்ல, 1963இல்தான் அவர்கள் குடும்பம் கனெக்டிகட்டின் நியூ ஹேவனிலிருந்து, நாட்டின் மறுகோடியில் இருக்கும் கலிஃபோர்னியாவின் டவுனி நகருக்குக் குடிபெயர்ந்தது. பாட்டுகளின் காலம் இந்த இடப்பெயர்ச்சியின் இருபுறமும் பரவியிருக்கிறது. பழைய ஊரில் கேட்ட ரேடியோவும் புதிய ஊரில் கேட்ட ரேடியோவும் அந்தக் கோவைக்குள் கலந்திருக்கும் என்று எண்ணும்போது, வீட்டு ஏக்கம் என்ற அந்தப் பழைய 1688ஆம் ஆண்டுப் பொருளும் இந்தப் பக்கத்துக்குள் எட்டிப்பார்க்கிறது. இசைத்தட்டின் அட்டையில் இருப்பதும் டவுனியில் இருந்த அவர்கள் வீடுதான். அதன் முன்னே சிவப்பு நிற ஃபெராரி காரில் அவர்கள் கடந்து செல்கிறார்கள்.

பாடும்போது கேரனுக்கு வயது 23. திரும்பிப் பார்த்த தொலைவு பத்தாண்டுதான். இவ்வளவு இளம் வயதில், இவ்வளவு அருகில் இருந்த காலத்துக்காக ஏங்கியது ஏன் என்று கேட்கலாம். அந்தப் பத்தாண்டில் அமெரிக்கா கடந்துவந்தவற்றைப் பார்த்தால் விடை கிடைக்கும். 1963 நவம்பரில் அதிபர் கென்னடி கொல்லப்பட்டார். 1964 பிப்ரவரியில் பிரிட்டனின் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்காவுக்கு வந்தார்கள், பாப் இசையின் போக்கே மாறியது. அதன்பின் வியட்நாம் போர் பெருகியது; அமெரிக்கப் படைகள் வெளியேறுவதற்கான பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தாக 1973 ஜனவரி ஆயிற்று. பாட்டு வெளியான அதே மே மாதத்தில் அதிபர் நிக்சனின் ஆட்சியை உலுக்கிய வாட்டர்கேட் ஊழல் பற்றிய செனட் விசாரணை தொலைக்காட்சியில் தொடங்கியது. இவ்வளவுக்கும் முந்தைய 1962ஆம் ஆண்டு, நாட்காட்டியில் அருகில் இருந்தாலும், மனத்தில் வேறொரு நாடுபோல் தெரிந்தது. நாடே அப்படித்தான் உணர்ந்தது என்பதற்கு அந்த ஆண்டின் ஆகஸ்டில் வந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ திரைப்படம் சான்று. ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய அந்தப் படத்தின் கதை 1962ஆம் ஆண்டின் ஓர் இரவில் நடக்கிறது. படம் முழுவதும் ரேடியோவில் பழைய பாட்டுகள் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன.

வேறு விதமாக நினைத்த பாட்டுகள்

எல்லாப் பாட்டும் இப்படி நண்பனை வரவேற்பதுபோல் பழைய இசையை வரவேற்பதில்லை. டான் மெக்லீன் 1971இல் வெளியிட்ட ‘அமெரிக்கன் பை’, 1959 பிப்ரவரி 3 அன்று விமான விபத்தில் பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், ஜே.பி. ரிச்சர்ட்சன் ஆகிய மூன்று பாடகர்கள் இறந்ததை இசையே இறந்த நாளாக நினைவுகூர்கிறது. எட்டு நிமிடத்துக்கும் மேல் நீளும் அந்தப் பாட்டில் பழைய இசை திரும்பி வரவே இல்லை. அது துக்கம் கேட்கும் பாட்டு. ஸ்டீவி வொண்டரின் ‘சர் டியூக்’ நேர்மாறானது. 1974இல் காலமான ஜாஸ் மேதை டியூக் எலிங்டனையும் அவர்போன்ற முன்னோடிகளையும் பெயர் சொல்லி வாழ்த்தும் அந்தப் பாட்டு 1976இல் வந்தது. அதில் ஏக்கத்தைவிட நன்றி அதிகம். ஊதுகருவிகளின் அந்த வேகமான ஓட்டத்தைக் கேட்கும் யாருக்கும் அழுகை வராது, கால்தான் தாளம் போடும். பகிள்ஸ் குழு 1979இல் தந்த ‘வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார்’ பாட்டிலோ ஏக்கத்தின் இலக்கு பாட்டிலிருந்து கருவிக்கு நகர்ந்துவிடுகிறது. வீடியோ வந்து ரேடியோவின் பாடகரை ஒழித்துவிட்டது என்று வருந்திய அந்தப் பாட்டின் வீடியோவே, 1981 ஆகஸ்ட் 1 அன்று இசை வீடியோக்களுக்கான எம்டிவி தொலைக்காட்சி தொடங்கியபோது முதலாவதாக ஒளிபரப்பானது.

புதிதாகக் கேட்கும் ஒருவர் இந்த நான்கு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: பழைய இசை இந்தப் பாட்டுக்குள் ஒலியாக வருகிறதா, பெயராக வருகிறதா, அல்லது இல்லாமையாக வருகிறதா? ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ அதை அசைகளின் ஒலியாகக் கொண்டுவருகிறது, ‘சர் டியூக்’ பெயர்களாகக் கொண்டுவருகிறது, ‘அமெரிக்கன் பை’ அது இல்லாத வெறுமையைக் கொண்டுவருகிறது. பாட்டு ஏற்படுத்தும் உணர்வு பெரும்பாலும் இந்த ஒரு தேர்விலிருந்தே பிறக்கிறது.

பாட்டுக்கு வயதாகும்போது

ஏக்கப் பாடலுக்கு மற்றப் பாடல்களுக்கு இல்லாத ஒரு விதி உண்டு. அது எதைப் பற்றிப் பாடுகிறதோ, காலப்போக்கில் அதுவாகவே ஆகிவிடுகிறது. 1973இல் பத்தாண்டுப் பழமையை நினைத்த புதிய பாட்டு, இன்று தானே ஐம்பதாண்டைக் கடந்த பழைய பாட்டு. ‘டா டூ ரான் ரான்’ பாட்டை ஒருமுறைகூடக் கேட்டிராதவர்கள், டாப் 40 வானொலி என்றால் என்னவென்றே அறியாதவர்கள், உலகின் வேறு மூலைகளில் இதைக் கேட்டு வளர்ந்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இந்தப் பாட்டை மிக ஆழமாக நேசித்த நாடுகளில் ஜப்பானும் ஒன்று. 1962ஆம் ஆண்டின் அமெரிக்க ரேடியோவை நினைக்க அங்கே பெரும்பாலானோருக்குக் காரணமில்லை. ஆனாலும் பாட்டு வேலை செய்தது; ஏனென்றால் எந்தப் பாட்டின் பெயரையும் சொல்லாமல் அசைகளை மட்டும் சொன்ன அந்தப் பல்லவியில் அவர்கள் தங்கள் காத்திருப்புகளை வைத்துக்கொண்டார்கள். பிறகு இந்தப் பாட்டே அவர்களுடைய 13 வயதின் பாட்டாகவும் ஆனது. ரூசோ சொன்ன அந்த நினைவு அடையாளம் இங்கே புதிதாக உண்டாகியிருக்கிறது. மாடு மேய்ப்பவரின் மெட்டு அந்நியரின் காதிலும் வீடு கட்டிக்கொண்டுவிட்டது.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது, அது யாரும் விரும்பாதது. உணவை மறுக்கும் அனோரெக்சியா நோயோடு பல ஆண்டுகள் போராடிய கேரன், 1983 பிப்ரவரி 4 அன்று 32ஆம் வயதில் இறந்துபோனார். அதுவரை அந்தப் பாட்டில், நினைப்பவராக ஒரு குரல் இருந்தது, நினைக்கப்படுவதாகப் பழைய பாட்டுகள் இருந்தன. அதற்குப் பிறகு கேட்பவர்களுக்கு, நினைக்கும் குரலும் நினைக்கப்படும் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வரிகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை, பதிவும் அதேதான். நெடுநாள் காணாத நண்பனைப்போலத் திரும்பி வந்துவிட்டது என்று அவர் பழைய பாட்டுகளைப் பற்றிப் பாடிய இடத்தில், கேட்பவர் இப்போது அவரையே வைத்துக் கேட்கிறார்.

அடுத்த முறை இந்தப் பாட்டைக் கேட்க வாய்த்தால், முதல் சரணம் முடிந்து பல்லவி தொடங்கும் அந்த நொடியில் கொஞ்சம் கவனமாக இருங்கள். தனியாக வந்த ஒரு குரல் பலவாக விரியும் இடம் அது. அந்த அடுக்குகளுக்குள் மிகத் தாழ்வாக ஒலிக்கும் கேரனின் குரலைப் பிடித்துக்கொண்டு, அது மற்றவற்றோடு கலந்து மறையும்வரை பின்தொடர்ந்து செல்லுங்கள்.